ஒலிவர் டிராகோயெவிச், வாழ்வும் பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிவர் டிராகோயெவிச் யார்?

குரோஷியாவின் கடலோர மாநிலமான டால்மேஷியாவிலிருந்து வந்த மெல்லிசைப் பாடகர். 1947-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி பிறந்து, 2018-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி தமது எழுபதாவது வயதில் மறைந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடிய அவரை, அவருடைய நாட்டில் யாரும் முழுப் பெயரால் குறிப்பிடுவதில்லை. ‘ஒலிவர்’ என்று சொன்னாலே போதும், எந்த ஒலிவர் என்ற கேள்வி எழாது. அவர் பிறந்தபோதும் புகழ்பெற்றபோதும் குரோஷியா தனி நாடாக இருக்கவில்லை. யூகோஸ்லாவியா என்ற கூட்டாட்சியின் ஒரு குடியரசாக இருந்தது. ஆகவே அவருடைய இசை வாழ்க்கையின் முற்பாதி இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட ஒரு பெரிய நாட்டிலும், பிற்பாதி ஏறக்குறைய நாற்பது லட்சம் மக்கள் வாழும் ஒரு சிறிய நாட்டிலும் கழிந்தன. இந்த மாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பல பதில்கள் எளிதில் விளங்கும்.

அவர் எந்த ஊர்க்காரர்? ஸ்பிலிட் என்றும் சொல்கிறார்கள், வேலா லூக்கா என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் சரிதான். பிறந்தது ஸ்பிலிட் நகரத்தில். அது அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில், ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கட்டிய அரண்மனையின் சுவர்களுக்கு உள்ளேயும் வெளியேயும் வளர்ந்த பழைய துறைமுக நகரம். ஆனால் குடும்பத்தின் ஊரும் அவர் சிறுவயதைக் கழித்த ஊரும் கோர்ச்சுலா தீவின் மேற்கு முனையில், ஆழமான ஒரு விரிகுடாவின் கரையில் இருக்கும் வேலா லூக்கா. அந்தப் பெயருக்குப் ‘பெரிய துறை’ என்று பொருள். ஊர் என்னவோ சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் சிற்றூர். ஒலிவ மரங்கள், மீன்பிடிப் படகுகள், கல் வீடுகள், கப்பல் வந்து போகும் நேரத்தை வைத்து நகரும் பொழுது ஆகியவைதான் அங்கே வாழ்க்கை.

ஸ்பிலிட்டுக்கும் வேலா லூக்காவுக்கும் இடையே கடல்வழிதான் உண்டு. வண்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் இன்றும் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். ஐந்து வயதில் தந்தை வாங்கிக் கொடுத்த வாய் ஆர்மோனியத்தை வாசித்து, அந்தக் கப்பலில் வரும் பயணிகளைச் சிறுவன் ஒலிவர் மகிழ்வித்தான் என்பது அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி. அரங்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்குக் கிடைத்த முதல் அவையினர் அந்தக் கப்பல் பயணிகள்தாம். இந்தக் கடல்வழி அவருடைய கதையின் முடிவில் மீண்டும் வரும்.

முறையாக இசை கற்றவரா?

ஆம். ஸ்பிலிட் நகரின் இசைப்பள்ளியில் பியானோ, கிளாரினெட், கிதார் ஆகிய மூன்றையும் பயின்றார். 1961-இல் அந்நகரத்துக் குழந்தைகள் விழாவில் பலூன்களைப் பற்றிய ஒரு பாட்டைப் பாடியதுதான் மேடையில் அவருடைய முதல் தோற்றம். அப்போது வயது பதின்மூன்று. பிறகு, அறுபதுகளின் இளைஞர்கள் ஐரோப்பா முழுவதும் செய்ததைப் போலவே, ‘பாத்தாலி’ என்ற ஸ்பிலிட் நகர இசைக்குழுவில் சேர்ந்து பாடவும் விசைப்பலகை வாசிக்கவும் செய்தார். பிற்காலத்தில் பெரிய அரங்குகளில்கூட அவர் பியானோவின் முன் அமர்ந்து, தாமே வாசித்துக்கொண்டு பாடியதை ஒளிப்பதிவுகளில் காணலாம். கையை வீசி, மேடையின் குறுக்கே நடந்து, கூட்டத்தைக் கிளறிவிடும் வழக்கம் அவருக்கு இல்லை. அமர்ந்த இடத்தில் அமர்ந்தபடியே பாடுவார்; கூட்டந்தான் அவரை நோக்கிச் சாயும்.

ஸ்பிலிட் விழா என்பது என்ன? அவருடைய வாழ்க்கையில் அதற்கு ஏன் இவ்வளவு இடம்?

யூகோஸ்லாவியாவில் மெல்லிசை திரைப்படத்தை நம்பி வளரவில்லை. விழாக்களை நம்பி வளர்ந்தது. 1953-இல் ஸாக்ரெப் விழாவும், 1958-இல் ஒப்பாத்தியா விழாவும், 1960-இல் ஸ்பிலிட் விழாவும் தொடங்கின. கோடைக்காலத்தில், வளைவுகள் சூழ்ந்த ‘புரோக்குராத்திவே’ என்னும் கடலோரச் சதுக்கத்தில், திறந்த வெளியில் நடக்கும் ஸ்பிலிட் விழா புதிய பாட்டுகளுக்கான போட்டி. இசையமைப்பாளர் ஒரு பாட்டை எழுதிக் கொடுப்பார். பாடகர் அதை முதன்முறையாக அங்கேதான் பாடுவார். நடுவர்களும் மக்களும் பரிசுக்குரியதைத் தேர்ந்தெடுப்பார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் அதை நாடெங்கும் கொண்டு செல்லும். இசைத்தட்டு நிறுவனம் உடனே பதிப்பிக்கும். ஆகவே ஓர் இளம் பாடகர் அந்தச் சதுக்கத்தில் மூன்று நான்கு நிமிடம் பாடுவது, அவருடைய அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானித்துவிடக் கூடிய ஒன்றாக இருந்தது.

அந்த விழாவுக்கென்று ஒரு சுவை உருவாகியிருந்தது: கடல், படகு, மீனவர், கல்படிக்கட்டு, கோடை இரவு, பழைய காதல். அவற்றைப் பாடியவர் பலர். அந்தச் சொற்களில் ஏதோ ஓர் உண்மையான வாழ்வு இருக்கிறது என்று கேட்பவரை நம்பவைத்தவர் சிலர். ஒலிவர் அந்தச் சிலரில் முதன்மையானவர் என்பது என் உறுதியான எண்ணம்.

அவருடைய முதல் பாட்டே வெற்றி பெற்றதா?

இல்லை. 1967-இல், பத்தொன்பது வயதில், ஸ்பிலிட் விழாவில் முதன்முறை தனியாகப் பாடிய பாட்டு ‘பிட்சஃபெராய்’. தெருவிளக்குகளை மாலையில் ஏற்றிக்கொண்டு போகும் தொழிலாளிக்குக் கடற்கரை வழக்கில் உள்ள பெயர் அது. மின்விளக்கு வந்தபின் மறைந்துபோன ஒரு தொழில். ஸ்டென்கோ ருன்யிச் என்ற இளம் இசையமைப்பாளர் எழுதிய அந்தப் பாட்டு அன்று பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. இன்றோ அது டால்மேஷியப் பாட்டுகளின் எந்தத் தொகுப்பிலும் விடுபடாது. அறுபதுகளின் நடுவே இளைஞர்கள் மின் கிதாரின் ஒலியில் மயங்கிக் கிடந்தபோது, மறைந்துபோன விளக்கேற்றுபவரைப் பற்றி ஒரு பத்தொன்பது வயதுப் பையன் பாடியதை அன்றைய கேட்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வது என்று அறியாமல் இருந்திருக்கலாம்.

அதன் பிறகு என்ன செய்தார்?

ஊரைவிட்டுப் போனார். ஜெர்மனி, சுவீடன், மெக்சிகோ ஆகிய நாடுகளின் இரவு விடுதிகளில் பாடியும் வாசித்தும் தம் கலையைத் தீட்டிக்கொண்டார். உணவு உண்ண வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்க, யாருக்கும் தெரியாத மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர், பிறருடைய பாட்டுகளை இரவுதோறும் பாடுவது எவ்வளவு சோர்வு தரும் வேலை என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் குரலை எங்கே அடக்குவது, ஒரு சொல்லை எவ்வளவு தாமதித்துத் தொடுவது, கேளாதவரையும் கேட்கவைக்க எதைச் செய்யாமல் இருப்பது என்பதெல்லாம் அப்படிப்பட்ட இடங்களில்தான் பழகும். திரும்பி வந்த ஒலிவரின் குரலில் 1967-இல் இல்லாத ஒரு நிதானம் இருந்தது.

திருப்புமுனை எப்போது வந்தது?

1974-இல். ‘சா சே மி கோபகபானா’ என்ற பாட்டால் ஸ்பிலிட் விழாவின் முதல் பரிசை வென்றார். ‘கோபகபானா எனக்கு எதற்கு?’ என்பது தலைப்பின் பொருள். உலகப் புகழ்பெற்ற பிரேசில் கடற்கரை இருந்தால் இருக்கட்டும், என் ஊர்க் கரை எனக்குப் போதும் என்ற மனநிலையில் அமைந்த பாட்டு. அயல்நாட்டு விடுதிகளில் ஆண்டுகளைக் கழித்துவிட்டுத் திரும்பிய ஒருவரின் வாயில் அந்தக் கேள்வி வெறும் ஊர்ப்பெருமையாக ஒலிக்கவில்லை. பார்த்துவிட்டு வந்தவன் சொல்லும் சொல்லாக ஒலித்தது.

மறு ஆண்டு, 1975-இல், ‘காலெப் இ யா’ வந்தது. ‘கடற்காகமும் நானும்’ என்பது பொருள். இசை ருன்யிச்சுடையது, சொற்கள் தோமிஸ்லாவ் சூப்பாவுடையவை. மீண்டும் விழாவின் வெற்றிப் பாட்டு. ஒரு தனி மனிதனுக்கும் ஒரு பறவைக்கும் இடையேயான தோழமையை, அவ்வளவுதான், அந்தப் பாட்டு சொல்கிறது. இன்று வரை அவர் பெயரைச் சொன்னதும் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பாட்டே. அதே ஆண்டில் அவருடைய முதல் நெடுந்தட்டும் வெளியானது. அடுத்தடுத்து ‘ஸ்கலினாடா’, ‘மலின்கோனியா’, ‘ஓப்ரோஸ்தி மி பாபே’, ‘வியேருய் உ லியூபாவ்’, 1980-இல் ‘நடலினா’ என்று ஏழெட்டு ஆண்டுகளுக்குள் வந்த பாட்டுகளை அடுக்கிப் பார்த்தால், ஒரு முழு வாழ்நாளுக்குப் போதுமானதை அவர் முப்பத்து மூன்று வயதுக்குள் பாடி முடித்திருந்தார் என்பது தெரியும்.

ஸ்டென்கோ ருன்யிச் இல்லாமல் ஒலிவர் இருந்திருக்க முடியுமா?

குரல் இருந்திருக்கும், நாம் அறிந்த ஒலிவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே. 1942-இல் பிறந்து 2004-இல் மறைந்த ருன்யிச், ஸ்பிலிட் நகரத்தின் மெல்லிசைக்கு ஒரு தனி முகம் கொடுத்தவர். எளிதில் முணுமுணுக்கக் கூடிய, ஆனால் ஒரு முறை கேட்டவுடன் தீர்ந்துபோகாத மெட்டுகள் அவருடையவை. இத்தாலிய மெல்லிசையின் அகன்ற வளைவுகளும், கடற்கரைப் பாட்டுக் குழுக்களின் அடுக்குக் குரல்களும் அவற்றில் ஒன்றாகக் கலந்திருக்கும்.

இந்த இருவரோடு சொல் எழுதியவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சூப்பா, மோம்சிலோ போபாடிச், யக்ஷா ஃபியமெங்கோ ஆகியோர் வெறும் பாட்டாசிரியர்கள் அல்லர். போபாடிச் இதழாளர்; விஸ் தீவின் மீனவ ஊரான கோமிஷாவில் பிறந்த ஃபியமெங்கோ நூல்கள் வெளியிட்ட கவிஞர். பாட்டுக்குச் சொல் எழுதுவதை இவர்கள் கவிதையிலிருந்து ஒரு படி கீழான வேலையாகக் கருதவில்லை. டால்மேஷிய மெல்லிசையின் எழுபதுகளும் எண்பதுகளும் அவ்வளவு செழிப்பாக இருந்ததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாக நான் கருதுகிறேன்.

அவர் பாடியது குரோஷிய மொழியிலா, வேறு மொழியிலா?

குரோஷிய மொழியில்தான், ஆனால் பள்ளிப் பாடநூலில் இருக்கும் குரோஷிய மொழியில் அன்று. இது சற்று விரிவாகச் சொல்ல வேண்டிய செய்தி, ஏனென்றால் அவருடைய கலையின் மையமே இதில் இருக்கிறது.

குரோஷிய மொழியில் மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு. ‘என்ன’ என்று கேட்பதற்கு ஒவ்வொன்றிலும் உள்ள சொல்லை வைத்தே அவற்றுக்குப் பெயர் அமைந்தது: ‘ஷ்டோ’ என்பவர்கள், ‘காய்’ என்பவர்கள், ‘சா’ என்பவர்கள். பொது எழுத்துமொழி முதல் வழக்கின் மேல் கட்டப்பட்டது. தலைநகர் ஸாக்ரெப்பைச் சுற்றி இரண்டாவது வழக்கு. தீவுகளிலும் கடற்கரையிலும் மூன்றாவது. 1974-இன் வெற்றிப் பாட்டினுடைய தலைப்பின் முதற்சொல்லே அந்தச் ‘சா’ தான். அதோடு, பொதுமொழியில் ‘இயே’ என்று நீளும் ஒலி கடற்கரையில் வெறும் ‘இ’ ஆகிவிடும். 2000-இல் வெளியான ஒரு தொகுப்பின் பெயர் ‘இரண்டு மூன்று சொற்கள்’. பொதுமொழியில் ‘ரியேச்சி’ என்று இருக்க வேண்டிய சொல்லை அவர் ‘ரிச்சி’ என்றே வைத்தார். 2005-இல் வந்த தொகுப்பின் தலைப்பான ‘விரிதிலோ யே’, அதாவது ‘அதற்கு மதிப்பு இருந்தது’ என்பதும் அப்படியே.

இன்னொரு அடுக்கும் உண்டு. 1420 முதல் 1797 வரை டால்மேஷியக் கடற்கரையை வெனிஸ் குடியரசு ஆண்டது. அந்த நூற்றாண்டுகள் வீட்டுப் பொருள்களிலும் படகுக் கருவிகளிலும் உறவுப் பெயர்களிலும் உணர்ச்சிகளின் பெயர்களிலும்கூட வெனிஸ் சொற்களை விட்டுச் சென்றன. ‘ஸ்கலினாடா’ என்றால் படிக்கட்டு வரிசை. ‘மலின்கோனியா’ என்றால் காரணம் சொல்ல முடியாத மனச்சோர்வு. ‘பாபே’ என்றால் அப்பா. இவற்றுக்கு ஈடான தூய குரோஷியச் சொற்கள் இருந்தன. அவற்றை இட்டால் பொருள் மாறாது. ஆனால் பாட்டியின் வாயில் கேட்ட சொல்லுக்கும் அகராதியில் படித்த சொல்லுக்கும் உள்ள தூரம் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும்.

சிறிய இடத்து வழக்கில் பாடினால் பெரிய நாட்டில் யாருக்குப் புரியும் என்ற அச்சம் எந்தப் பாடகருக்கும் இயல்பானது. ஒலிவர் அந்த அச்சத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஸ்லோவேனியாவிலும் பாஸ்னியாவிலும் செர்பியாவிலும் மாசிடோனியாவிலும் மக்கள் பல சொற்களுக்குப் பொருள் தெரியாமலே அவர் பாட்டுகளைப் பாடினார்கள். பிறகு பொருளையும் தேடித் தெரிந்துகொண்டார்கள்.

‘கிளாப்பா’ என்ற மரபுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

கிளாப்பா என்பது இசைக்கருவி இல்லாமல், ஏழெட்டுப் பேர் அரைவட்டமாக நெருங்கி நின்று, பல நிலைக் குரல்களில் ஒன்றாகப் பாடும் டால்மேஷியக் கூட்டுப் பாட்டு. முதல் உயர்குரல் மெட்டைத் தொடங்கும். மற்றக் குரல்கள் அதன் கீழே அடுக்கடுக்காக வந்து சேரும். பழைய நகரங்களின் கல் வளைவுகளுக்குக் கீழே நின்று பாடினால் எதிரொலி கூடி ஒலி செழிக்கும் என்பதால், அப்படிப்பட்ட இடங்களையே தேடி நிற்பார்கள். ஓமிஷ் என்ற ஊரில் 1967 முதல் இதற்கென்று ஒரு விழா நடக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

ஒலிவர் கிளாப்பா பாடகர் அல்லர். கருவிகளோடு தனித்துப் பாடும் மெல்லிசைப் பாடகர். ஆனால் அந்தக் கூட்டுக் குரலின் காற்றிலேயே வளர்ந்தவர். ‘வளைவின் கீழே கிளாப்பா பாடுகிறது’ என்று பொருள்படும் தலைப்பில் ஃபியமெங்கோ சொற்களை எழுத, ருன்யிச் இசையமைத்த பாட்டு அந்த மரபுக்குச் செலுத்திய நேரடி வணக்கம். அவருடைய பல பாட்டுகளைப் பிறகு கிளாப்பா குழுக்கள் தங்கள் முறைக்கு மாற்றிக்கொண்டன. இன்று ஓர் ஊர்க் குழு அவற்றைப் பாடும்போது, அவை எழுபதுகளில் ஓர் இசையமைப்பாளர் அமர்ந்து எழுதியவை என்பதை அறியாத இளைஞர்கள் நாட்டுப்பாடல் என்றே எடுத்துக்கொள்வதும் உண்டு. ஒரு பாட்டுக்கு இதைவிட நல்ல நிலை கிடைக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

போரின்போதும் அதன் பிறகும் அவர் நிலை என்ன?

1991 ஜூன் 25 அன்று குரோஷியா விடுதலையை அறிவித்தது. போர் 1995 வரை நீண்டது. 1991 நவம்பர் 15-ஆம் தேதி யூகோஸ்லாவியக் கடற்படைக் கப்பல் ஒன்று ஸ்பிலிட் நகரத்தின் மீது குண்டு வீசியது. அந்தக் கப்பலின் பெயரும் ‘ஸ்பிலிட்’. ஒரு நகரத்தின் பெயரைத் தாங்கிய கப்பலே அந்த நகரத்தைச் சுட்டதை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

போருக்குப் பின் ஒலிவர் செர்பியாவில் மேடை ஏற மறுத்தார்; அந்த முடிவில் இறுதிவரை உறுதியாக நின்றார். அங்கே அவருக்கு மிகப் பெரிய ரசிகர் கூட்டம் இருந்தது, அழைப்புகளும் வந்தன. தொண்ணூறுகளுக்குப் பின் மற்றப் பல பாடகர்கள் ஒவ்வொருவராகச் செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் மேடைகளுக்குத் திரும்பினார்கள்; அவர் திரும்பவில்லை. இதைப் பாராட்டியவர்களும் உண்டு, வருந்தியவர்களும் உண்டு. பாட்டு எல்லைகளைக் கடக்க வேண்டும் என்று விரும்புகிறவன் என்ற முறையில் எனக்கும் இதில் ஒரு வருத்தம் இருக்கவே செய்கிறது. ஆனால் தம் நகரமும் தம் தீவும் பட்ட பாட்டைக் கண்ணால் கண்ட ஒருவர், பெரும் வருவாயை விட்டுக்கொடுத்து எடுத்த முடிவைத் தொலைவிலிருந்து குறைசொல்ல என்னால் இயலாது. அவர் போகாவிட்டாலும் அவர் பாட்டுகள் அங்கே போய்க்கொண்டே இருந்தன. அவர் மறைந்தபோது அங்கும் மக்கள் துயருற்றார்கள்.

தொண்ணூறுகளில் அவர் புகழ் மங்கிவிட்டதா?

மாறாக, இரண்டாவது முறை மலர்ந்தது. அதற்குக் காரணமானவர் ஜிபோனி என்று அழைக்கப்படும் ஸ்லாத்தன் ஸ்டிபிஷிச். 1968-இல் பிறந்த இவர், கிளாப்பா இசையைத் திரட்டியும் எழுதியும் வந்த லியூபோ ஸ்டிபிஷிச்சின் மகன். ஆனால் இளமையில் ‘ஓஸ்மி புத்னிக்’ என்ற வன்மையான ராக் குழுவில் பாடிக்கொண்டிருந்தவர். தந்தையின் மரபும் தம் தலைமுறையின் ஓசையும் கலந்த அவருடைய பாட்டு, இருபது ஆண்டு மூத்த ஒலிவரின் குரலில் பொருத்தமான வீட்டைக் கண்டது.

1993-இல் வந்த ‘செசாரிட்சா’, அதாவது ‘பேரரசி’, அந்தக் கூட்டணியின் உச்சம். குரோஷியாவின் இசைத்துறை ‘பொரின்’ என்ற தேசிய விருதை 1994-இல் முதன்முறை வழங்கியபோது, ஆண்டின் வெற்றிப் பாட்டாக இதுவே தேர்வானது. நாற்பத்தைந்து வயதுப் பாடகர், போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், ஒரு காதல் பாட்டால் மக்களை ஒன்றுசேர்த்தார். ருன்யிச்சின் பாட்டுகளில் ஒலித்த இளைஞனின் ஏக்கம் இதில் இல்லை. நேசித்தவளைத் தெய்வத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கும் முதிர்ந்த மனிதனின் பணிவு இருக்கிறது. குரலும் அதற்குள் சற்றுக் கரகரத்து, அடியில் கனம் கூடியிருந்தது. அந்தக் கரகரப்பை அவர் மறைக்க முயலவில்லை.

2002-இல் ‘திராக் உ பெஸ்க்ராயு’ தொகுப்பு வந்தது. ‘முடிவின்மையில் ஒரு தடம்’ என்பது பொருள். ஜிபோனியுடனான நட்பும் கூட்டு மேடைகளும் கடைசி ஆண்டுகள் வரை தொடர்ந்தன.

வெளிநாடுகளில் அறியப்பட்டாரா?

நியூயார்க்கின் கார்னகி மண்டபம், லண்டனின் ராயல் ஆல்பர்ட் மண்டபம், பாரிஸின் ஒலிம்பியா, சிட்னி ஓபரா மாளிகை ஆகிய நான்கிலும் தனி இசை நிகழ்ச்சி நடத்திய மிகச் சில குரோஷியக் கலைஞர்களில் அவர் ஒருவர். அவையினரில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த குரோஷியர்களும் முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளைச் சேர்ந்தவர்களுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீவுகளிலிருந்து வறுமையாலும், திராட்சைக் கொடிகளை அழித்த நோயாலும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் அந்த இருக்கைகளில் இருந்தார்கள். அவர் ஆங்கிலத்தில் பாடி உலகச் சந்தையைப் பிடிக்க முயன்றவர் அல்லர். அந்தப் பெரிய மண்டபங்களுக்கும் அதே தீவு வழக்கையே கொண்டு சென்றார்.

யூரோவிஷன் போட்டியில் பாடியிருக்கிறாரா?

இல்லை. ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் அந்தப் பாட்டுப் போட்டியின் இறுதி மேடையில் அவர் ஒருபோதும் நாட்டின் சார்பாக நிற்கவில்லை.

மேடைக்கு வெளியே எப்படிப்பட்டவர்?

கடலையும் மீன்பிடிப்பையும் நேசித்தவர். நேர்காணல்களில் அதிகம் பேச விரும்பாதவர். பாட்டில் வரும் படகும் வலையும் அவருக்கு அலங்காரச் சொற்கள் அல்ல, கையில் பிடித்துப் பழகிய பொருள்கள். குடும்பத்தைப் பொதுவெளியிலிருந்து விலக்கியே வைத்திருந்தார். நாமும் அந்த எல்லையை மதித்து இதோடு நிறுத்திக்கொள்வதே முறை.

அவருடைய இறுதிப் பயணத்தைப் பற்றிப் பலர் பேசுகிறார்களே, என்ன நடந்தது?

நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர், 2018 ஜூலை 31 அன்று ஸ்பிலிட் நகரத்து மருத்துவமனையில் காலமானார். அதற்குப் பதினாறு நாள் முன்புதான், ஜூலை 15 அன்று, குரோஷியக் கால்பந்து அணி உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் விளையாடியிருந்தது. தோற்றாலும் நாடே தெருவுக்கு வந்து கொண்டாடிய கோடை அது. அதே கடற்கரை நடைபாதையில், அதே மக்கள், ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் மெழுகுவர்த்திகளோடு நின்றார்கள். குடியரசுத் தலைவரும் பிரதமரும் இரங்கல் தெரிவித்தார்கள். ஸ்பிலிட்டிலும் வேலா லூக்காவிலும் துக்க நாள் கடைப்பிடிக்கப்பட்டது.

ஸ்பிலிட் நகரத்தின் ‘ரிவா’ என்னும் அந்தக் கடலோர நடைபாதையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு அவர் பாட்டுகளைப் பாடி விடைகொடுத்தார்கள். பிறகு அவருடைய உடல் கப்பலில் ஏற்றப்பட்டு வேலா லூக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. வழியில் படகுகள் உடன் வந்தன, ஊதுகுழல்களை ஒலித்தன. ஐந்து வயதில் வாய் ஆர்மோனியத்தோடு அவர் பயணிகளுக்கு வாசித்துக் காட்டிய அதே கடல்வழி. தீவுக்காரர்கள் கரையில் காத்திருந்தார்கள். ஊர்க் கல்லறையில் அடக்கம் நடந்தது.

யக்ஷா ஃபியமெங்கோவும் அதே 2018-இல்தான் மறைந்தார். பாட்டு எழுதியவரும் பாடியவரும் ஒரே ஆண்டில் போனது அந்தக் கடற்கரைக்கு இரட்டை இழப்பு.

புதிதாகக் கேட்பவர் எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

பெரும்பாலோர் ‘காலெப் இ யா’ என்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் நான் பரிந்துரைப்பது வேறு ஒழுங்கு. முதலில் ‘ஸ்கலினாடா’. மொழி தெரியாவிட்டாலும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவர் மூச்சை எங்கே விடுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். படிக்கட்டில் ஏறி நின்று திரும்பிப் பார்ப்பவனின் மூச்சு அது. அடுத்து ‘ஓப்ரோஸ்தி மி பாபே’. ‘அப்பா, என்னை மன்னித்துவிடு’ என்ற அந்தத் தலைப்பின் பொருள் தெரிந்தால் போதும், மீதியைக் குரலே சொல்லிவிடும். மனம் கனத்துவிட்டால் ‘நடலினா’வின் துள்ளலுக்குப் போகலாம். பிறகு ‘செசாரிட்சா’. நல்ல ஒலிபெருக்கியில், விளக்கைக் குறைத்துவைத்துக் கேட்க வேண்டிய பாட்டு.

இவற்றையெல்லாம் கேட்டபின், 1967-இன் ‘பிட்சஃபெராய்’ பாட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள். பரிசு பெறாமல் போன அந்தப் பாட்டில், பத்தொன்பது வயதுக் குரல் இன்னும் முழுதாக உருவாகவில்லை. ஆனால் விளக்கேற்றுபவரின் பெயரை அவர் உச்சரிக்கும் விதத்தில், அந்தப் பெயர் தெருவிலிருந்து மறைந்துவிடக் கூடாது என்ற அக்கறை அப்போதே தெளிவாகக் கேட்கிறது.